மாலை போட்ட படம்

திவால் தீர்ப்பு வந்த அன்றே கோர்ட் அமீனா வீட்டுக்கு வந்து, என் படத்தைக் கூடத்தில் மாட்டி மாலை போட்டார். கீழே ஒரு சிவப்பு பல்பை எரியவிட்டார்.

"சட்டப்படி நீங்க இறந்தாச்சு. கடன் எல்லாம் தள்ளுபடி. மூணு வருஷம் இதே வீட்டுல இருந்துக்கலாம், ஆனா யாரும் உங்ககிட்ட பேசக் கூடாது. பேசினா படத்துக்குக் கேட்கும், கடன் திரும்ப வந்துடும்" என்றார்.

மூன்று வருஷம்தானே என்று கையெழுத்துப் போட்டேன்.

முதல் மாதம் என் மனைவி பூங்கோதை குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் என் காதோடு பேசினாள். பிறகு சைகை மட்டும். அப்புறம் அதுவும் நின்றுபோனது. மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது படத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன்ப்பா" என்பாள். அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன்.

நேற்று கெடு முடிந்தது. அமீனா வந்து படத்தைக் கழற்றினார்.

பூங்கோதை ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டாள். "அவரை எங்கே கொண்டுபோறீங்க?"

நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "பூங்கோதை" என்று கூப்பிட்டேன்.

"என்னங்க?" என்று அவள் படத்தை நோக்கிக் குனிந்தாள்.