ஒரே மாதத்தில் நாலாவது ஆயில்

ஷெட்டில் அப்போது இருந்தவர்கள்: மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மான், டிங்கர் வேலை பார்க்கும் பொன்ராஜ், ஸ்டூலில் பேப்பரோடு வரதன் சார். ஆள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், பானெட் திறந்து நின்ற சாரின் பழைய வெள்ளை காரும்.

மந்தைவெளி பஸ் டிப்போவுக்குப் பின்புறம். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி.

"இன்னா சார், இந்த வாரமும் ஆயிலா? கார் ஓட்டிக்கினு கீறியா, பஜ்ஜிக் கடை போட்டுக்கினு கீறியா?" என்றான் பொன்ராஜ்.

சார் சிரித்தார். "மாத்தி நாளாச்சுடா. இன்ஜின் இரையறது."

போன செவ்வாயும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தைய செவ்வாயும்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, வண்டி அவ்வளவு ஓடாவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை. ஆயிலுக்கு அவ்வளவுதான் கணக்கு. சார் நாலு வாரத்தில் நாலாவது தடவை வந்திருக்கிறார்.

முதல் வாரம் ரஹ்மான் நிஜமாகவே மாற்றினான். அப்புறம் மாற்றவில்லை. ஆயில் குச்சியை உருவுவான், துடைப்பான், திரும்பச் செருகுவான். முடிஞ்சுது சார் என்பான். காசு கேட்க மாட்டான். சாரும் எவ்வளவு என்று கேட்டதில்லை. அதையும் மறந்துவிடுகிறார் போல, பாவம்.

இன்று குச்சியைத் துடைத்து அனுப்ப முடியாது. இன்று சாவியை வாங்கியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை லஸ் முனையில் சார் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். ஒரு பூக்கூடை நசுங்கியது. பூக்காரி டீ வாங்கப் போயிருந்ததால் கூடையோடு போயிற்று. அடுத்த தடவை எல்லோரும் டீ வாங்கப் போயிருக்க மாட்டார்கள்.

நேற்று சாரின் மனைவி பங்கஜம் போன் செய்தார். மகன் ஒருமுறை சாவியை ஒளித்துவைத்ததில் மனுஷர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

"நீங்க ஏதாவது சொல்லி வாங்கிடுங்கோ பாய். வண்டி சரியில்லேன்னா கேட்டுப்பார். அவர் சரியில்லேன்னு சொன்னாத்தான் தாங்க மாட்டார்."

ரஹ்மான் யோசித்துப் பார்த்தான். ஆயில் கம்மி என்றால் ஊற்று என்பார். பேட்டரி போச்சு என்றால் புதுசு வாங்கி வருவார். வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்திப் போட அவனுக்குத் தெரிந்து ஒரு பொய்தான் இருந்தது.

டைமிங் பெல்ட்.

ஆயில் சொல்லிவிட்டுத்தான் கெடும். கறுத்துப் போகும், பிசுபிசுப்பு குறையும். பெல்ட் ஒன்றும் சொல்லாது. பார்க்க நன்றாகவே இருந்து, ஒரு நாள் போகிற போக்கில் அறும். அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடித்து இன்ஜின் காலி. அறுபதாயிரம் கிலோமீட்டர், அல்லது ஐந்து வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும்.

சாரின் வண்டியில் பெல்ட் மாற்றிப் பதினெட்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. மாற்றியவனே ரஹ்மான்தான்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பெல்ட் மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவைப்பது அவன் வழக்கம். சார் பேப்பரைப் புரட்டுகிற நேரத்தில், பெட்ரோலில் நனைத்த துணியால் அதைத் துடைத்தெடுத்தான். இருபது வருஷத் தொழிலில் எழுதியதை அழித்தது அதுதான் முதல் தடவை.

"சார், பெல்ட் டைம் தாண்டிடுச்சு. இனிமே தெருமுனை வரைக்கும் எடுத்தாக்கூட ரிஸ்க்கு. வண்டி இங்கியே இருக்கட்டும்."

சார் எழுந்து வந்து குனிந்தார். மூடி முழுக்க அழுக்கு. துடைத்த இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்றிருந்தது.

பொன்ராஜ் சுத்தியலை நிறுத்தினான்.

"பார்ட்ஸ் வரணுமோ?" என்றார் சார்.

"வரணும் சார். நாளாகும்."

எத்தனை நாள் என்று சார் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

ரஹ்மானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மறதியிலும் ஒரு உபகாரம் இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

சித்திரக்குளத்துப் பக்கம் சாரின் வீடு. பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் சார் அவன் தோளை இறுகப் பிடித்திருந்தார்.

கேட்டருகே இறங்கி வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார்.

"பெல்ட் போன வருஷம் மாத்தினதுதானே பாய்? மழை பெஞ்சது. உனக்குக் குடை பிடிச்சுண்டு பக்கத்துலயே நின்னேனே."

ரஹ்மான் பைக்கை அணைத்தான்.

"ஒரு நாள் பெசன்ட் நகர்ல, நம்மாத்துக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியாம ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன். அன்னிக்கே தெரிஞ்சுடுத்து. ஆனா சாவியை நானா குடுக்க எனக்கு மனசு வரலை. நாலு வாரமா உன் வாசல்ல வந்து நிக்கறேன், நீ என்னடான்னா குச்சியைத் துடைச்சுத் துடைச்சு அனுப்பறே."

ரஹ்மான் வாயைத் திறந்தான். சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவகிட்ட சொல்லிடாதே. நான் நம்பினதாவே இருக்கட்டும்."

கதவு திறந்தது. பங்கஜம் சாரைப் பார்க்கவில்லை, ரஹ்மானைத்தான் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

சார் படியேறி உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, உள்ளேயிருந்து பூட்டு விழும் சத்தம் கேட்டது.