வலை மட்டும் ஏறவில்லை

மூன்றாவது முறையாக மெய்ஸ்கே கடலடியில் கிடந்த மீன்வலையைக் காட்டினாள்.

ஃபெர்டி ஆமையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீருக்குள் யாரையும் திட்ட முடியாது. இந்த வேலையில் பெரிய கொடுமை அதுதான். வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு என்ன திட்டினாலும் குமிழியாகத்தான் மேலே போகும்.

இடுப்பில் கட்டியிருந்த இரும்புக் கம்பியை எடுத்து முதுகுச் சிலிண்டரில் தட்டினாள். டங், டங்.

ஃபெர்டி திரும்பிப் பார்த்தார். பஸ் ஏற்றிவிட வந்தவரைப் போலக் கையை ஆட்டினார். பிறகு ஆமை போன பக்கமே போனார்.

மனாடோ நகரத்திலிருந்து இந்தத் தீவுக்கு வருஷம் ஒருமுறை வருகிற டைவிங் கிளப் ஆள் அவர். வங்கியில் பெரிய வேலை. கெட்ட மனிதரில்லை. ஒருமுறை ஊருக்குக் கிளம்பும்போது தன் பழைய நீச்சல் துடுப்புகளை மெய்ஸ்கேவுக்கே கொடுத்துவிட்டுப் போனவர். இன்றைக்கு அவள் காலில் இருப்பதும் அவைதான்.

கடலைச் சுத்தம் செய்யத்தான் எல்லோரும் இரண்டு படகு நிறைய வந்திருக்கிறார்கள். விருந்தாளி ஒருவருக்கு ஊர்க்காரர் ஒருவர் ஜோடி. ஊர்க்காரர் குப்பையைக் காட்ட வேண்டும், விருந்தாளி எடுத்துப் பையில் போட வேண்டும்.

"நீங்க யாரும் கை வைக்காதீங்க. அவங்க கையாலதான் ஏறணும்." ஊர் டைவர்களின் தலைவர் வெல்லி மாமா காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஃபெர்டி கையில் அகப்பட்டதெல்லாம் சின்னச் சாமான்தான். ஒற்றை ரப்பர் செருப்பு. நூடுல்ஸ் உறை. எண்ணெய் டப்பா. ஒரு காபிக் குவளை. அதற்குள் குட்டி ஆக்டோபஸ் ஒன்று குடிவந்திருந்தது. இவ்வளவு சீக்கிரமாகவா என்று மெய்ஸ்கேவுக்கே ஆச்சரியம். அவர் பார்க்காமலே பையில் திணித்தார். அவள் பைக்குள் கைவிட்டு, குவளையை எடுத்து, ஆக்டோபஸை மணலில் இறக்கிவிட்டு, குவளையைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. நிமிர்ந்தால், அவருடைய துடுப்பு பட்டுக் கிளைப் பவளத்தில் ஒரு விரல் ஒடிந்து கிடந்தது.

அந்தப் பவளத்தை அது கையகலம் இருந்த நாளிலிருந்து அவள் பார்த்து வருகிறாள்.

ஆனால் வலைதான் அவளுக்குப் பயம். சாயங்காலம் நீரோட்டம் திரும்பினால் அது உருண்டு போய்ச் சரிவில் இருக்கிற பவளத்தை மூடிவிடும். அப்புறம் அறுத்து எடுத்தால் பவளமும் சேர்ந்துதான் வரும்.

பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. வெல்லி மாமா சொன்னதை ஒதுக்கிவிட்டு அவளே வலையைப் பிடித்து இழுத்தாள். ஓர் ஆள் தூக்குகிற கனமில்லை. கம்பியால் தட்டித் தட்டி ஃபெர்டியைக் கூப்பிட்டாள்.

வந்தார். வந்து, தன் காற்று மீட்டரைக் கண்ணருகே நீட்டினார். முள் சிவப்பில் நின்றது.

ஆமையைத் துரத்தினால் வேறெங்கே நிற்கும்.

ஜோடியாக இறங்கினால் ஜோடியாகத்தான் ஏற வேண்டும். வலையை விட்டுவிட்டு ஏறினாள்.

படகில் டைவிங் கண்ணாடியைக் கழற்றும்போதே ஃபெர்டி பேச ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, இந்தச் செருப்பைப் பாருங்க. ஒரு பொட்டுப் பாசி பிடிக்கல. நேத்துதான் எவனோ போட்டிருக்கான். உங்க ஊர் ஜனங்ககிட்ட கொஞ்சம் சொல்லக்கூடாதா? ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்கு மட்டும் வெள்ளையும் சொள்ளையுமா கிளம்பிடறாங்க."

படகில் எல்லோரும் சிரித்தார்கள்.

மெய்ஸ்கே துண்டால் முகத்தைத் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்றேன் சார்."

விருந்தாளிகள் நிறைந்த பைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு சுட்ட சூரை மீனும் டாபு-டாபு என்கிற மிளகாய்த் தக்காளிச் சம்பலும் இருந்த முன்பக்கம் போனார்கள். வெல்லி மாமா மெதுவாக வந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

"எல்லாம் ஏறிடுச்சா?"

"வலை கிடக்கு."

"அடக் கடவுளே."

"நேத்தே தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மாமா. செருப்பு, டப்பாவோட நிறுத்திக்குவோம்னு. நீங்கதான் வலை இருந்தா போட்டோ நல்லா வரும்னு மூட்டையை அவுத்துக் கொட்டினீங்க."

வெல்லி மாமா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் இதே விருந்தாளிகள் வெறும் பையோடு ஏறினார்கள். ஊர் டைவர்கள் ஞாயிறு தவறாமல், சர்ச் முடிந்த கையோடு இறங்கிப் பொறுக்கியதில் அடியில் ஒன்றும் மிச்சமில்லை. 'இங்க எங்களுக்கு வேலையே இல்லையே, அடுத்த தடவை வேற தீவு பார்க்கலாம்' என்று முகம் சுருங்கிப் போனார்கள். அவர்கள் கொடுத்துவிட்டுப் போகிற பணத்தில்தான் சிலிண்டருக்குக் காற்றடிக்கிற மெஷினுக்கு வருஷம் முழுக்க டீசல். அந்தக் காற்றில்தான் ஞாயிற்றுக்கிழமைப் பொறுக்கல்.

பொறுக்கியதெல்லாம் சர்ச்சுக்குப் பின்னால் மூட்டையாகக் கிடந்தது. நேற்றுப் பொழுது சாய அதை இவர்கள் இருவரும்தான் படகில் ஏற்றி வந்து இங்கே கொட்டினார்கள்.

மெய்ஸ்கே புதுச் சிலிண்டரை இழுத்துப் போட்டு வார் பூட்டினாள். "கிளம்புங்க. நீரோட்டம் திரும்பறதுக்குள்ள எடுத்துடணும். தனியா என்னால ஆகாது."

வெல்லி மாமா தன் துடுப்புகளைத் தேடினார்.

முன்பக்கத்திலிருந்து, வாயில் மீனோடு ஃபெர்டி குரல் கொடுத்தார். "இன்னும் கீழ கிடக்கா அக்கா?"

"கிடக்கு சார்."

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நான் சொல்லல? இங்கதான் நமக்கு வேலை இருக்கு. அடுத்த வருஷமும் இங்கயே வந்துடுவோம்."

வெல்லி மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

மெய்ஸ்கே அதைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும், அவசரமாகக் கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டார்.