துண்டு போட்ட இடம்

மாரிகுப்பத்தில் பெங்களூரு போகும் காலை ரயில் புறப்படும் முன்பே ஏழுமலை பக்கத்து இடத்தில் துண்டைப் போடுகிறார். நான்கு மாதம் முன்பு இதே ரயிலின் படியிலிருந்து விழுந்து செத்துப்போன மகன் கஜேந்திரனின் இடம் அது. "செத்தவனுக்கு இன்னா சீட்டு, பெருசு?" என்கிறான் ஒருவன். பெட்டியே சிரிக்கிறது, நானுந்தான். தினமும் இதே பெட்டியில் வரும், பெங்களூரு ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருக்கும் நிர்மலா, ஆறு வாரமாகச் செய்வதுபோல, எதுவும் கேட்காமல் அவர் எதிரே நிற்கிறார். வெயில் துண்டின்மேல் ஆடுகிறது. சாம்பியன் ஸ்டேஷன் தாண்டியதும் ஏழுமலை அவரைப் பார்த்து வாயைத் திறக்கிறார். "அன்னிக்கும் இடம் போட்டு வெச்சேம்மா. லேட்டா வந்தான். புத்தி வரட்டும்னு வேற ஆளை உக்கார வெச்சிட்டு, படியில நில்லுடான்னேன்." சிரித்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள். நிர்மலா சமாதானம் சொல்லாமல் கேட்கிறார்: "அப்புறம் இன்னா ஆச்சிங்கய்யா?" "சிரிச்சிக்கினே போயி நின்னாம்மா" என்கிறார் ஏழுமலை. சாவு வீட்டில்கூட அழாத மனுஷன், இப்போது வாய்விட்டு அழுகிறார்.