சுற்றுலாப் பிரிவில் முதலிடம்

எந்த இணையதளத்தையும் திறந்து பார்க்காமலே அது எந்த ரகம் என்று சொல்லிவிடுவதில் அவன் கெட்டிக்காரன். உள்ளூர் இணையதளங்களைத் தொகுத்துப் போடும் ஆன்லைன் டைரக்டரியில் அவனுக்கு அதுதான் உத்தியோகம். அனுப்புகிறவர்கள் எழுதும் நாலு வரியைப் படிப்பான், பிரிவு முடிவாகிவிடும்.

அன்று வந்தது இது: 'ஏசி வண்டி. கால் நீட்டிப் படுத்தபடியே போகலாம். எந்நேரமும் வாசலுக்கே வருவோம். இதுவரை பயணித்த ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.'

சுற்றுலாப் பிரிவில் முதலிடம் கொடுத்தான். கொடுத்த கையோடு, குடும்பத்தோடு மலைக்குப் போக அந்த வண்டிக்கே வீட்டு முகவரியையும் அனுப்பிவைத்தான்.

"நல்ல வண்டிதானாங்க? அப்பாவுக்கு முதுகு வலி வேற," என்றாள் மனைவி.

"ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லையாம். மாமா சொகுசா படுத்துக்கிட்டே வரட்டும்."

காலையில் வண்டி வந்து நின்றதும் தெருவே வாசலில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்துகூட உங்க மாமனாரோட பேசிட்டிருந்தேனே. எப்படி ஆச்சு?"

ஓட்டுநர் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பாடி எங்க சார்?"

உள்ளேயிருந்து கூலிங்கிளாஸும் பெட்டியுமாக மாமனார் வந்தார்.

"படுத்துக்கிட்டு வரப்போறது நான்தாம்ப்பா. ஜன்னல் திறக்குமா?"