ஒரே ஒரு நீலத் தொப்பி

இந்தக் கதையில் நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் சவப்பெட்டியின் பெயின்ட் காயட்டும்.

சோப்பு அட்டைப்பெட்டிகளை ஒட்டி நாங்களே செய்த சவப்பெட்டி. நீல நிறம். எங்கள் சந்தியாகோ நகரத்தில் பேஸ்பால் சீசன் முடிந்தால், தோற்ற அணியின் ரசிகன் வீட்டு வாசலில் அந்த அணிக்குச் சாவு எடுப்போம். மெழுகுவத்தி, ஒப்பாரி, ஜெபம் எல்லாம் உண்டு. பாதிரியார் குரல் என் பொறுப்பு. யார் குரலும் எனக்கு வரும். அதனால்தான் தெருவில் என் பெயர் கிளி.

தெரு முழுக்க மஞ்சள் அணிதான். தலைநகரத்து நீல அணிக்கு இங்கே இருந்தது ஒரே ஒரு ரசிகர், பஸ் மெக்கானிக் தோன் எவரிஸ்தோ.

இறுதி ஆட்டத்தன்று மதியம், மளிகைக்கடை நூரிஸ் அவரை மறித்தாள்.

"அண்ணே, வில்கினும் இன்னைக்கு மஞ்சள் டீம்ல இருக்கான்."

"தெரியும்."

"கோயில்ல அவனைக் கையில ஏந்தி ஞானத்தகப்பனா நின்னது நீங்க. எம் புள்ளைக்காக இன்னைக்கு ஒரு நாள் அந்த நீலத் தொப்பியக் கழட்டி வையுங்க."

அவர் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"முடியாது நூரிஸ்."

"அப்ப இனிமே என் கடைப் படி ஏறாதீங்க."

அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பெத்த பிள்ளை மாதிரி வளர்ந்தவனுக்கு எதிரா நிக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார் முடிவெட்டுகிறவர்.

நான் தோன் எவரிஸ்தோவின் மூக்கடைத்த குரலில் "முடியாது நூரிஸ்" என்று சொல்லிக் காட்டினேன். அவர் வீட்டு நாயே என்னைப் பார்த்து வாலாட்டியது.

இல்லை, சிரிக்க வேண்டிய இடம் இதுவும் இல்லை.

கடைசி இன்னிங்ஸ். கடை ரேடியோவைச் சுற்றி மொத்தத் தெருவும் நின்றது. மஞ்சள் ஒரு ரன் முன்னால். ஆனால் மூன்று பேஸிலும் ஓடிவரக் காத்து நிற்கும் நீல ஆட்கள். இன்னும் ஒருத்தனை அவுட்டாக்கினால் கோப்பை நமக்கு. அவன் ஓங்கி அடித்துவிட்டால் அவர்களுக்கு.

"பந்து வீசுற பிட்சரை மாத்துறாங்க," என்றது ரேடியோ. "புதுப் பையன், வில்கின் வர்றான்..."

நூரிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கரண்ட் போனது.

தெரு மொத்தமும் மின்வாரியத்தின் அம்மாவை விசாரித்தது. கடை ரேடியோவுக்குப் பேட்டரி போன வாரமே செத்திருந்தது. ஆனால் அது, வீட்டுக்குள் தன் ரேடியோவும் நின்றுபோன தோன் எவரிஸ்தோவுக்குத் தெரியாதே.

நான் ஒரு காலி பால் டின்னை எடுத்தேன்.

"டேய் கிளி, வேணாண்டா," என்றாள் நூரிஸ். "எம் பையன் பேர வச்சு விளையாடாத."

"ரெண்டே நிமிஷம்கா. ஜெயிச்சுட்டோம்னு ஆடிக்கிட்டு வெளிய வரட்டும். பெட்டிய முன்னாடி வச்சு ஒப்பாரி பாடிடலாம்."

பெட்டியை அவர் வாசலில் இறக்கினார்கள். நான் டின்னுக்குள் வாயை வைத்தேன். வர்ணனையாளரின் அந்தக் கரகரத்த குரல் தெருவெங்கும் கேட்டது.

"வீசினான் வில்கின்... அடிச்சுட்டான். பந்து போகுது, போகுது, சுவரைத் தாண்டிப் போயே போச்சு. நீலம் சாம்பியன்! வில்கின் மண்ணுல உட்கார்ந்துட்டான் நேயர்களே..."

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தோம்.

கதவு திறந்தது.

அவர் ஆடவில்லை. சவப்பெட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அதற்குள் எறிந்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சிரிக்க வேண்டிய இடம் இதுதான். யாரும் சிரிக்கவில்லை.

நூரிஸ்தான் கிட்டே போனாள். "உங்க நீலம்தானே ஜெயிச்சுது? என்னத்துக்கு அழுவுறீங்க?"

"என் நீலமா?" அவர் மூக்கை உறிஞ்சினார். "நான் எந்தப் பக்கம் நிக்கிறேனோ அந்தப் பக்கம் விளங்காது நூரிஸ். எனக்கு அப்படி ஒரு ராசி. வில்கின் சின்னப் பையனா விளையாடுறப்ப மஞ்சள் தொப்பி போட்டுட்டுப் போய் நிப்பேன். நான் போன நாளெல்லாம் தோத்தான். ஒரு நாள் போகல, ஜெயிச்சுட்டான். இனிமே எதிர்ப்பக்கம் நிக்கலாம்னு அன்னைக்கு வாங்கி மாட்டினதுதான் இந்தச் சனியன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணே? காறித் துப்பினாங்களே உங்கள."

"வெளிய சொன்னா பலிக்காதே." அவர் தலையை ஆட்டினார். "இவ்வளவு பண்ணியும் அவனைக் காப்பாத்த முடியலையே."

என் கையிலிருந்த பால் டின் திடீரென்று கனத்தது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். சொந்தக் குரல் மட்டும் வரவில்லை.

கரண்ட் வந்தது.

அவர் வீட்டு ரேடியோவிலிருந்து அதே கரகரத்த குரல்: "...இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போதும் நேயர்களே. வில்கின் நெத்தி வியர்வையத் துடைக்கிறான். பந்தைக் கையில எடுத்துட்டான்..."

நூரிஸ் சவப்பெட்டியைப் பார்த்தாள்.

தோன் எவரிஸ்தோ தன் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த டின்னை.

"உன்னை அறையறது அப்புறம்டா கிளி," என்றார். "முதல்ல அந்தத் தொப்பிய எடு."