துளி நின்ற நேரம்

கண்ணாடிக் குழாயின் நுனியில் பருத்துவந்த பாதரசத் துளி, பாதியிலேயே விழுந்தது.

தேன்மொழி பல்லைக் கடித்தாள்.

மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற, கரைசலுக்குள் பாதரசத்தின் மேற்பரப்பு இழுவிசை மாறும். துளி எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்துத் தொங்குகிறது என்பதுதான் அதற்கு அளவு. வரைபடத்தில் ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் வந்துவிட்டன. உச்சிதான் பாக்கி. அங்கேதான் துளி அதிக நேரம் தொங்கவேண்டும்.

எங்கே தொங்க? எந்தப் புண்ணியவானோ கல்லூரி ஆய்வகத்தை விசைத்தறிக் கூடத்துச் சுவரோடு ஒட்டிக் கட்டிவைத்திருந்தான். தறி ஓடினால் மேசை அதிரும். கரண்ட் போனால்தான் தறி நிற்கும். அப்போது பேட்டரியை வைத்து அளப்பாள். இன்றைக்கென்று பார்த்து கரண்டும் போகவில்லை.

இன்றும் உச்சி வராவிட்டால் வேறு தலைப்பு எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான் என்று, எதிரே உட்கார்ந்திருந்த வழிகாட்டி பிரேமலதா மேடம் நேற்றே சொல்லிவிட்டார். இத்தனை வருட ஆராய்ச்சியும் அம்போ என்று ராத்திரி அம்மாவிடம் புலம்பியிருந்தாள்.

சட்டென்று தறிச் சத்தம் நின்றது.

துளி நிதானமாகப் பருத்தது. தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்து விழுந்தது. மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரிசையாக ஒரு பத்துத் துளி இப்படி வந்துவிட்டால் போதும் என்றார்.

அடுத்த துளியில் டியூப்லைட் வெளிச்சம் பளபளத்தது.

அட, கரண்ட் இருக்கிறதே!

கரண்ட் இருக்கும்போது மொத்தத் தறியும் நின்றால், யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். போன ஆடியில் தறி ஓட்டும் ஆவுடையப்பனுக்கு விரல் போனபோது அப்படித்தான் நின்றது. தேன்மொழியின் அம்மா ஆறுமுகத்தாய் அந்தக் கூடத்தில்தான் தறிக்கு நூல்தார் சுற்றுகிறாள்.

எழுந்தாள். துளி தொங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

இது ஒன்று மட்டும். சரி, இன்னும் ஒன்று.

பத்தும் விழுந்த பிறகுதான் ஓடினாள்.

கூடத்தில் முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து இந்தப் பக்கமே வரக்கூடாது என்றார். அணைந்துகிடந்த மெயின் சுவிட்சை யாரும் போட விடாமல் மறைத்துக்கொண்டு, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றிருந்தாள் ஆறுமுகத்தாய்.

மகளைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனச்சு, பாதியிலயே போட்டுட்டு ஓடியாந்துருவியோன்னுதான் பயந்தேன் மக்கா. முடிச்சிட்டுத்தான வாரே?"

தேன்மொழி ஆமென்று தலையை ஆட்டினாள். அம்மாவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.