கோட்டுக்கு அந்தப் பக்கம்

அரசு மருத்துவமனையின் நீண்ட நடைபாதையை இரண்டு கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, நடுவில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். கோடுவரை நீலச்சட்டைக்காரர்கள் ஸ்ட்ரெச்சர் தள்ள வேண்டும், அதற்கப்புறம் பச்சைச்சட்டைக்காரர்கள். தாண்டினால் வேலை போய்விடும். கோட்டை எடுக்கச் சொல்லித் தொழிலாளர் சங்கம் கொடுத்த மனு மேலே எங்கோ கிடந்தது.

அன்று மதியம், பிரசவ வலியில் துடித்த பெண்ணைத் தள்ளிவந்த பொன்னுரங்கம் கோட்டருகே நின்றார். அந்தப் பக்கம் ஒரு பச்சைச்சட்டையையும் காணோம். இருக்கிற இரண்டு பேரும் எந்த வார்டில் மாட்டிக்கொண்டார்களோ.

“ஏண்ணே நின்னுட்டீங்க?” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எங்க கம்பெனி இதுவரைக்கும்தாம்மா.”

“வர்ற புள்ளைக்கு அது தெரியுமாண்ணே?”

பொன்னுரங்கம் தலைக்கு மேலிருந்த கேமராவைப் பார்த்தார். மடமடவென்று பொத்தான்களைக் கழற்றி, நீலச்சட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, பனியனோடு கோட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனார்.

அவளைப் பிரசவ அறையில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நீலச்சட்டைக்காரர்களின் பக்கம் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிப் போகும் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பியில், அவர் சட்டைக்குப் பக்கத்தில், ஒரு பச்சைச்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.